நூற்றாண்டு மலர் தயாரிக்கும் மெதடிஸ்த சபைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

சிறிய ஊர்களின் மெதடிஸ்த சபைகள் வெளியிடும் மலர்களை விடாமல் வாங்கிப் படிக்கிறவன் நான். பெரும்பாலும் ஒரே வார்ப்பு. முதலில் வாழ்த்துரைகள், அப்புறம் அடிக்கல் நாட்டிய தேதி, அதன்பின் போதகர்களின் படங்கள் வரிசையாக. வரலாறு முடிந்தது.

மற்ற சபைகளுக்கு எப்படியோ, நமக்கு இது பொருந்தாது. நம் போதகர்கள் மாற்றலாகிப் போகிறவர்கள். ஒரே இடத்தில் ஒரு வருடம் முழுக்கப் பிரசங்கித்தால் நானும் தூங்கிவிடுவேன், கேட்கிறவர்களும் தூங்கிவிடுவார்கள் என்று மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே 1756இல் ஒரு கடிதத்தில் எழுதினார். வந்தவர் பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும். அப்படியானால் இத்தனை காலம் சபையைத் தாங்கியது யார்?

1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்ததைப் பாருங்கள். ஆராதனைக் கட்டடத்தின் கடனை அடைக்க வழி தெரியவில்லை. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார் ஃபோய் என்ற கேப்டன். பலரிடம் அதுவும் இல்லையே என்றார்கள். "பரம ஏழைகள் பதினோரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் நானே போட்டுவிடுகிறேன்" என்றார் அவர். காசு வாங்க வாரந்தோறும் வீடு வீடாகப் போனவர்கள், அந்த வீடுகளில் நடப்பதையும் பார்த்தார்கள். குடி, சண்டை, நோய் எல்லாம் தெரியவந்தது. கடன் வசூலில் தொடங்கியதுதான், சபையாரைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கவனிக்கும் வகுப்புக் கூட்டம். போதகர் ஊரில் இல்லாத நாட்களில் மந்தையைப் பார்த்துக்கொண்டவர்கள் இந்த வகுப்புத் தலைவர்கள். அவர்களில் பெண்களும் உண்டு.

அவர்கள் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். பெயர், கொடுத்த காசு, வந்தாரா இல்லையா. வராதவர் நோயில் கிடந்தாரா, வேலைக்குப் போனாரா, அக்கறை இல்லாமல் இருந்துவிட்டாரா என்பதற்குக்கூடத் தனித்தனிக் குறி! ஒரு பெயருக்கு நேராக வாரக்கணக்கில் நோய்க்குறியே வந்து, அப்புறம் அந்தப் பெயரே இல்லாமல் போகிறது என்று வையுங்கள். அடக்கப் பதிவேட்டைப் புரட்டினால் மிச்சக் கதை கிடைக்கும். உங்கள் பீரோவின் அடித்தட்டில் இப்படி ஒரு நோட்டு கிடந்தால், பத்து வாழ்த்துரைகளை எடுத்துவிட்டு அதன் ஒரு பக்கத்தை அச்சிடுங்கள்.

இன்னொன்று. "பின்னர் சபைகள் ஒன்றிணைந்தன" என்று ஒரே வரியில் தாண்டிவிடாதீர்கள். பிரிட்டனில் 1932இல் மூன்று மெதடிஸ்தப் பிரிவுகள் ஒன்றாயின. சின்ன ஊரில்கூட அதுவரை இரண்டு, மூன்று ஆலயங்கள் தனித்தனியே இருந்தது உண்டு. அமெரிக்காவில் அடிமை முறையை முன்னிட்டு 1844இல் பிளந்த சபை 1939இல் கூடியபோது, கறுப்பினச் சபைகளைத் தனி நிர்வாகத்துக்குள் ஒதுக்கி வைத்தது. அந்த ஏற்பாடு 1968 வரை நீடித்தது. தென்னிந்தியாவில் வெஸ்லியன் மரபில் வந்த சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. இவற்றில் எது உங்கள் கதையோ, அதில் எந்த ஆலயம் பூட்டப்பட்டது, அதன் பதிவேடுகள் யார் வீட்டுக்குப் போயின, கோபித்துக்கொண்டு வராமல் நின்றவர்கள் யார் என்று விசாரித்து எழுதுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

போதகர் படங்களை எடுத்துவிடச் சொல்லவில்லை, ஒரு பக்கம் போதும். மலருக்கு விளம்பரம் கேட்டுப் போகும் நாட்களில், ஆலயத்துக்கு வர முடியாமல் படுத்திருக்கும் மூத்தவர்கள் வீட்டுக்கும் ஒரு நோட்டோடு போய்விட்டு வாருங்கள். விளம்பரம் அடுத்த மாதமும் கிடைக்கும்.

அன்புடன்,
மலர்களைப் படிக்கும் ஒரு சபையார்