ஆண்டறிக்கை: ஜேம்ஸ் ஸ்டூவர்ட் திரையிடல்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் கழக உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டுத் திரையிடல்கள் அனைத்தும் அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் (1908–1997) படங்களே. படங்களை வெளியான வரிசையிலேயே போட்டோம். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு ஸ்டூவர்ட், பின் வேறொரு ஸ்டூவர்ட். வரிசை மாறினால் அது பிடிபடாது.

முதல் படம் ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ (1939). செனட்டில் நின்றபடியே பேசித் தீர்க்கும் காட்சிக்குத் தொண்டை உண்மையாகவே கரகரக்க வேண்டும் என்று, மருத்துவரைக் கொண்டு பாதரசக் கலவை தடவிக்கொண்டு நடித்தார். அடுத்து ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’ (1940). அதற்குக் கிடைத்த ஆஸ்கர் சிலை, பென்சில்வேனியாவின் இண்டியானா ஊரில் அவர் அப்பாவின் ஹார்டுவேர் கடைக் கண்ணாடிக்குள் பல ஆண்டுகள் இருந்தது.

1941 மார்ச்சில் ராணுவத்தில் சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து பி-24 குண்டுவீச்சு விமானத்தில் 20 தாக்குதல்களுக்குப் பறந்து, கர்னலாகத் திரும்பினார். திரும்பியதும் நடித்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946) படத்தில், மதுக்கடையில் அழுதுகொண்டே பிரார்த்திக்கும் முகத்தை 1939-இல் தேடினால் கிடைக்காது. அந்தப் படத்தின் பனியையும் கவனிக்க வேண்டும். அதுவரை வெள்ளையடித்த கார்ன்ஃப்ளேக்ஸைக் கொட்டுவார்கள். மிதித்தால் நொறுங்கும், வசனத்தைப் பிறகு தனியே பதிய வேண்டும். இதில் தீயணைப்பு நுரையோடு சோப்பும் தண்ணீரும் கலந்து தெளித்ததால் பேச்சைப் படப்பிடிப்பிலேயே பதிய முடிந்தது.

இப்படத்தின் உரிமம் பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. 1974-இல் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாததால் படம் இலவசம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மூலக்கதைக்கும் இசைக்கும் உரிமை தனியே உயிரோடு இருந்தது. 1993 முதல் உரிமையாளர்கள் அதைக் கொண்டே படத்தைக் கட்டுப்படுத்தினார்கள். இதற்கு வழி திறந்தது ‘ரியர் விண்டோ’ படத்தின் மூலக்கதை குறித்த 1990 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வழக்கின் பெயரிலுள்ள ஸ்டூவர்ட் நம் நடிகரேதான்! ஆகவே இணையத்தில் சும்மா கிடைக்கும் பிரதியைப் பொதுத் திரையிடலுக்கு எடுக்கக் கூடாது. நிறமேற்றிய பிரதியும் வேண்டாம். அந்த வேலையை ஸ்டூவர்ட்டே பகிரங்கமாக எதிர்த்தவர்.

ப்ரொஜெக்டர் பொறுப்பாளர்கள் கவனத்துக்கு: 1950 வரையிலான இந்தப் படங்களின் சட்டகம் 1.37:1, கிட்டத்தட்டச் சதுரம். அகலத் திரைக்கு இழுத்தால் 6 அடி 3 அங்குல ஒல்லி மனிதர் பயில்வானாகிவிடுவார். ஜூம் செய்தால் தலை போய்விடும். பிளேயரை 16:9-இல் வைத்து இருபுறமும் கறுப்புப் பட்டை வரவிடுங்கள், ப்ரொஜெக்டரைத் தொடாதீர்கள். அதையும் 4:3-க்கு மாற்றினால் படம் இரண்டாம் முறை நசுங்கி, ஆட்கள் தீக்குச்சியாகத் தெரிவார்கள்.

‘ரோப்’ (1948) படத்துக்கு முன் ஒரு குறிப்பு வாசித்தோம். படம் முழுவதும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாகத் தெரிய வேண்டும், ஆனால் கேமராவில் 1,000 அடி பிலிம்தான் கொள்ளும். நிமிடத்துக்கு 90 அடி ஓடினால் 11 நிமிடத்தில் தீரும். எனவே ஒருவர் கோட்டின் முதுகை நெருங்கி இருட்டாக்கி இணைப்பை மறைத்தார்கள். திரையரங்க ரீல் 2,000 அடி. ரீல் மாறும் இடங்களில் மறைக்க வழியில்லாததால் நேரடி வெட்டுதான். உறுப்பினர்கள் பலர் முதல் வகையைக் கண்டுபிடித்துவிட்டு இரண்டாம் வகையைத் தவறவிட்டார்கள்.

‘வின்செஸ்டர் 73’ (1950) கூட்டத்துக்கு வருகை குறைவு. வராதவர்களுக்கு நஷ்டம்தான். அவர் கேட்ட சம்பளத்தை யுனிவர்சல் தர மறுக்க, முகவர் லூ வாஸர்மன் லாபத்தில் பங்கு பேசி வாங்கினார். நட்சத்திரங்களைச் சம்பளத்துக்குக் கட்டிவைத்திருந்த ஸ்டூடியோ முறை தளர்ந்ததில் இந்த ஒப்பந்தத்துக்குப் பெரும் பங்குண்டு. இயக்குநர் ஆன்டனி மேனோடு அவர் செய்த 8 படங்களில் முதலாவது இது.

கடைசியாக ‘ரியர் விண்டோ’வும் (1954) ‘வெர்டிகோ’வும் (1958). ‘வெர்டிகோ’வின் 1996 மீட்புப் பதிப்பில் காலடி, துப்பாக்கி ஒலிகள் புதிதாகப் பதிவானவை. வட்டில் பழைய மோனோ ஒலித்தடம் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மேனோடு செய்த மற்ற 7 படங்களை வரும் ஆண்டில் எடுப்பது குறித்து முடிவு செய்யக் கோரி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்