எழும்பூர் புனித அந்திரேயா ஆலயம்: திருப்பணி நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு,

"இன்னுமா முடியவில்லை?" என்று ஆராதனை முடிந்து படியிறங்கும்போதெல்லாம் கேட்டீர்கள். தாமதத்துக்கும், மதிப்பீட்டைத் தாண்டிய செலவுக்கும் காரணம் ஒன்றுதான்: சுண்ணாம்பு.

பூச்சு உதிர்ந்த இடங்களைச் சுண்ணாம்புச் சாந்தால் மட்டுமே அடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். கோபுரத்துப் பக்கம் சாரத்தில் ஏறிப் பார்த்தால் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். "வெள்ளையடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார் ஒப்பந்தக்காரர். மழைக்குத் தெரியும். செங்கல்லில் ஏறிய ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும், சிமெண்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பாகப் பூத்து, பழைய செங்கல்லையும் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். பூசியதைக் கொத்தி எடுக்கச் சொன்னோம். ஆட்களோடு போய்விட்டார். வேறு கொத்தனார்களைத் தேடி, சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துக் குழைப்பதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. மழையில் சுண்ணாம்பு வேலை ஆகாது, நின்றோம். அவசரப்பட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும் என்பவர்களோடு குழு இன்றும் உடன்படவில்லை.

சுவர் விரிசலைக் கண்டு "ஆலயம் அமிழ்கிறது" என்று கிளம்பிய வதந்திக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1818இல் அடிக்கல் நாட்டியபோதே இது சேற்று நிலம் என்று ஆலயத்தைக் கட்டிய பொறியாளர் டி ஹாவிலண்டுக்குத் தெரியும். அதனால்தான் 14 அடி முதல் 50 அடி ஆழம் வரை 150 கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் கட்டடத்தை நிறுத்தினார். 1821இல் திறந்த ஆலயம் அதே கிணறுகள்மேல்தான் நிற்கிறது. விரிசல் பூச்சோடு நின்றது, கொத்திப் பார்த்துவிட்டோம்.

பதினாறு தூண்களும் துடைக்கப்பட்டன. மின்கம்பிகள் மாற்றப்பட்டன. குவிமாடத்தின் உள்ளே தீட்டிய நீல வானத்தையும் நட்சத்திரங்களையும் யாரும் தொடவில்லை; "புது நீலம்" கேட்டவர்கள் மன்னிக்கவும்.

காணிக்கை தந்த பெண்கள் ஐக்கியம், வாலிபர் சங்கம், பாடகர் குழு, ஓய்வூதியத்தில் பாதியைத் தந்து பெயர் போட வேண்டாம் என்ற பெரியவர், உண்டியலை உடைத்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், பெயரைப் பெரிதாகப் போடச் சொன்ன இருவர், எல்லாருக்கும் நன்றி. தணிக்கை செய்த கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. சந்தேகமுள்ளவர்கள் வந்து ரசீதுகளோடு ஒத்துப்பார்க்கலாம்.

மிஞ்சிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் இரண்டு தொட்டிகளில், பின்வாசல் அருகே, அடுத்த பழுதுக்காக இருக்கிறது. பிள்ளைகள் மூடியைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கை வெந்துவிடும்.

திருப்பணிக் குழுவினர்