ஆய்வேட்டு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். மார்ச் பிறந்தால் போதும், உங்கள் மாணவர்களின் கூகுள் ஃபார்ம்கள் என் வாட்ஸப்பில் வந்து குவிகின்றன. "அங்கிள், ரெண்டு நிமிஷம்தான், உங்க குரூப்லயும் போட்டு விடுங்க." போட்டும் விடுகிறேன். பிள்ளைகள் பாவம், நான் கேட்க வேண்டியது உங்களைத்தான்.

சென்ற வாரம் வந்தது, நகரப் பேருந்தில் மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் பற்றி. கேள்விகள் முழுக்க ஆங்கிலம். எங்கள் குழுவில் நிரப்பியவர்கள் பெரும்பாலும் என்னைப் போல ஸ்கூட்டரில் போகும் ஆண்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அவர் அந்த ஆய்வில் இல்லவே இல்லை.

"இன்னும் நூறு பேரிடம் வாங்கு" என்று அனுப்பினால் இது சரியாகாது. 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் பெற்று, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்த வசதிக்காரர்களின் பட்டியலிலிருந்து வந்தவை. அதிலும் நாலில் ஒருவர்கூட அட்டையைத் திருப்பி அனுப்பவில்லை. குலுக்கல் முறையில் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் 400 பேரே போதும், ஐந்து விழுக்காடு முன்பின்னாகச் சொல்லிவிடலாம்.

அப்புறம் அந்தக் கேள்வி: "பேருந்தின் நேரமும் நடத்துநரின் நடத்தையும் திருப்தியா?" பஸ் நேரத்துக்கு வருகிறது, கண்டக்டர் சிடுசிடுக்கிறார். எதை டிக் செய்வது? இன்னொன்று, "இந்தச் சிறப்பான திட்டத்தை ஆதரிக்கிறீர்களா?" 'சிறப்பான' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், சரி, நான் எதற்கு?

ஃபார்மை வெளியே விடுமுன் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வங்காளத்தில் சணல் பரப்பைக் கணக்கெடுத்த புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸே சிறிய முன்னோட்டம் பார்த்துத்தான் பெரிதாக இறங்கினார். பிறகு பிள்ளைகளை நிறுத்தத்துக்கு அனுப்புங்கள். இறங்கும் பெண்களில் ஒவ்வொரு ஐந்தாவது ஆளிடமும் தமிழில் கேட்கட்டும். சிரித்த முகமாக இருப்பவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கேட்கக் கூடாது. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் நிற்கட்டும். பதில் சொல்ல மறுத்தவர் எத்தனை பேர் என்பதும் ஆய்வேட்டில் வரட்டும்.

எங்கள் தெருமுனைக்கு முதல் பஸ் காலை ஐந்தரைக்கு. யாராவது வந்தால் நானும் துணைக்கு நிற்கிறேன். டீ என் செலவு.

இப்படிக்கு,
ஃபார்ம் நிரப்பிக் களைத்த ஒருவன்