டைபிரேக்கில் இடைவேளை கிடையாது: விளையாட்டு அலைவரிசைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒளிபரப்புப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அலைவரிசையின் டென்னிஸ் நேரலையில் விளம்பரங்கள் எந்த நேரத்தில் வந்து விழுகின்றன என்பது தாங்கள் அறியாத செய்தி அல்ல. சந்தாதாரர்கள் பலர் முன்பே எழுதிவிட்டதால் பழைய கணக்குகளை மீண்டும் விரிக்கப் போவதில்லை. அண்மையில் ஒரு கிராண்ட்ஸ்லாம் காலிறுதியில் நேர்ந்ததை மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

நான்காவது செட்; கேம்கள் 6-6 எனச் சமனானதால் முடிவு காண ஆடும் டைபிரேக்; அதிலும் புள்ளிகள் 6-6. ஒரு செட் பின்தங்கியிருந்தவர் அதற்குள் இரண்டு மேட்ச் பாயிண்ட்களை, அதாவது இழந்தால் ஆட்டமே முடிந்துவிடும் புள்ளிகளை, காப்பாற்றியிருந்தார். பன்னிரண்டு புள்ளிகள் முடிந்ததால் விதிப்படி இருவரும் பக்கம் மாறினார்கள். டைபிரேக்கில் ஆறு புள்ளிகளுக்கு ஒருமுறை வரும் இந்தப் பக்கமாற்றத்தில் யாரும் நாற்காலியில் உட்காருவதில்லை. வலையைச் சுற்றி நடந்துபோய் அடுத்த சர்வுக்குத் தயாராகிவிடுவார்கள். தங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருக்கோ, பக்கம் மாறினால் விளம்பரம் போட வேண்டும் என்ற ஒன்று மட்டுமே தெரிந்திருக்கிறது. ஒரு டயர், ஒரு சமையல் எண்ணெய், ஒரு சிமென்ட், அடுத்து வரும் கிரிக்கெட் தொடருக்கு ஒரு முன்னோட்டம் என வரிசையாக ஓடி முடிந்து நாங்கள் மைதானத்துக்குத் திரும்பியபோது, 8-6 என்று செட் முடிந்திருந்தது. எதிராளி இரண்டு சர்வையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் செய்து கொடுத்தாரா, இவர் கோட்டை ஒட்டி அடித்து வென்றாரா என்று காட்ட ஒரு மறுஒளிபரப்புகூட வரவில்லை. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. எதற்காக என்பதுதான் பணம் கட்டிய எங்களுக்குத் தெரியவில்லை. அதைவிட வேடிக்கை, செட் முடிந்தபின் உண்மையாகவே கிடைக்கும் 120 விநாடி ஓய்வில், வீரர்கள் துண்டால் முகம் துடைப்பதையும் வாழைப்பழம் உரிப்பதையும் ஒன்றுவிடாமல் நேரலையில் காட்டினீர்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: வீரர்கள் உட்காரும்போது விளம்பரம் போடுங்கள், நிற்கும்போது போடாதீர்கள்.

விளம்பரமே கூடாது என்று கேட்கவில்லை. ஒளிபரப்பு உரிமைக்குக் கொட்டிய பணத்தைத் தாங்கள் திரும்ப எடுத்தாக வேண்டும் என்பது எங்களுக்கும் புரிகிறது. ஆனால் அதற்கான இடத்தை ஆட்டமே ஒதுக்கித் தருகிறதே. 6-4 என முடியும் ஒரு செட்டில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாவது கேம்களுக்குப் பின் தலா 90 விநாடி ஓய்வு, செட் முடிவில் இரண்டு நிமிடங்கள், ஆக மொத்தம் எட்டு நிமிடங்கள். இது போதாதென்று முதல் கேமுக்குப் பின்னும் விளம்பரத்துக்குப் போகிறீர்கள். அங்கும் வீரர்கள் உட்காருவதில்லை என்பதால், நாங்கள் திரும்பி வரும்போது இரண்டாவது கேம் 30-0 என்று ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் சர்வ் போடுபவர் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது திரையைச் சுருக்கி, ஓரத்தில் ஒரு குக்கரை வைக்கிறீர்கள். ராலி தொடங்கியும் குக்கர் நகர்வதில்லை.

டென்னிஸை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று தாங்கள் கேட்கக்கூடும். முன்புபோல் தொலைக்காட்சி டென்னிஸ் சுவைக்கவில்லை என்று எங்கள் வயதுக்காரர்களும் சொல்லத்தான் செய்கிறார்கள். 1985இல் பதினேழு வயது போரிஸ் பெக்கர் விம்பிள்டனை வென்றதையும், மறு ஆண்டு நம் ரமேஷ் கிருஷ்ணன் அதே புல்தரையில் காலிறுதிவரை போனதையும் கொண்டாடிய தலைமுறைக்கு அந்த ஏக்கம் இருப்பது இயல்பு. 2001இல் விம்பிள்டன் முழுக்க ரைகிராஸ் புல்லுக்கு மாறியபின் பந்து நன்றாக எழும்பத் தொடங்கி, சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடும் ஆட்டம் அருகிப் போனது. மறு ஆண்டு இறுதியிலேயே ஹெவிட்டும் நல்பாண்டியனும் பேஸ்லைன் என்ற பின்கோட்டிலேயே நின்று ஆடி முடித்தார்கள். அந்த இழப்பு மெய்தான். பெடரர் 2022இலும் நடால் 2024இலும் விடைபெற்றதும் ஓர் இழப்பே.

ஆனால் ஆட்டம் செத்துவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். 2025 பாரிஸ் பிரெஞ்ச் ஓபன் இறுதியில், நான்காவது செட்டில் 3-5, 0-40 என்ற நிலையில் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்களைக் காப்பாற்றிய அல்கராஸ், 5 மணி 29 நிமிடங்கள் ஆடி சின்னரை வென்றதைப் பார்த்தவர்கள் பழைய காலத்துக்காகப் பெருமூச்சு விட்டிருக்க மாட்டார்கள். அந்த மூன்று புள்ளிகளும் ஆடி முடிய ஆன நேரத்தில் தங்கள் குக்கர் மூன்று விசில் அடித்திருக்கும். சுவை குறைந்தது ஆட்டத்தில் அல்ல, அது எங்கள் வீட்டுத் திரைக்கு வந்துசேரும் விதத்தில்தான்.

கிரிக்கெட் என்றால் தாங்கள் காட்டும் அக்கறையே வேறு. டாஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே கோட்டு அணிந்த நால்வர் ஆடுகளத்தின் ஈரப்பதத்தைப் பற்றி விவாதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த விவாதம் முடியாததால் டென்னிஸ் அரையிறுதி ஒன்றின் முதல் நான்கு கேம்களை நாங்கள் இழந்ததும் உண்டு. ஓவருக்கு ஓவர் விளம்பரம் போட்டுப் பழகிய கைகளுக்கு டென்னிஸின் கணக்கு பிடிபடவில்லை போலும். மாதச் சந்தாவைக் கூட்டும் கணக்கு மட்டும் தவறாமல் பிடிபடுகிறது. மன்னிக்கவும், சொல்ல வந்தது அதுவல்ல.

2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக் ஆடுகிறார்கள். ஆகவே வெற்றி தோல்வி முடிவாகும் கடைசிச் சில புள்ளிகளுக்குள்ளேயே, உட்காராத பக்கமாற்றம் ஒருமுறையோ இருமுறையோ வந்தே தீரும். காலிறுதியில் எங்களுக்கு நேர்ந்தது இறுதி ஆட்டத்திலும் நேர வெகுநாள் ஆகாது.

எனவே விளம்பரப் பொத்தானுக்கு அருகில் டென்னிஸ் விதி தெரிந்த ஒருவரை அமர்த்துமாறும், அது இயலாவிட்டால், வீரர்கள் உட்காரும்போது விளம்பரம், நிற்கும்போது ஆட்டம் என்று ஒரு தாளில் எழுதிக் கட்டுப்பாட்டு அறையில் ஒட்டிவைக்குமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கிராண்ட்ஸ்லாம் தொடங்குவதற்குள் இதைச் செய்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
சென்னை