குளிர்கால டிரவுட் மீன்பிடியில் நீரின் குளிரையும் கணக்கில் கொள்ள வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்ணையில் வளர்த்து ஏரிகளில் இருப்பு விடப்படும் டிரவுட் என்னும் குளிர்நீர் மீன்களைக் குளிர்காலத்தில், துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கில் அமர்ந்தபடி, தூண்டிலைப் பின்னால் இழுத்துச் செல்லும் இழுவைத் தூண்டில் முறையில் பிடிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை மிகுந்த விருப்பத்தோடு படித்தேன். அதன் இன்பத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே எடுத்துரைத்திருந்தார். ஆனால் குளிரைப் பற்றி அவர் எழுதியது கெட்டியான மேலாடை, கையுறை, சூடான பானம் என்ற அளவோடு நின்றுவிட்டது. அவையெல்லாம் காற்றின் குளிருக்கான ஆயத்தங்கள். நீரின் குளிரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த மீன்பிடியைக் கற்றுத்தருபவர் எவராயினும், கயாக்கிலிருந்து நீரில் விழுந்தால் உடலுக்கு என்ன நேரும் என்பதையும் அதே பாடத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் டிரவுட்டை நம் தூண்டிலுக்கு எட்டும் ஆழத்துக்குக் கொண்டுவரும் அதே குளிர்ந்த நீர்தான் நம் உயிருக்கும் ஊறு செய்யக்கூடியது.

பெரும்பாலும் இருப்பு விடப்படுவது ரெயின்போ டிரவுட் என்ற வகை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளையும் ரஷ்யாவின் கம்சத்கா பகுதியையும் தாயகமாகக் கொண்ட இந்த மீனின் முட்டைகளைச் சேகரித்து வேறு இடங்களுக்கு அனுப்பும் பணி, கலிபோர்னியாவின் மெக்கிளவுட் ஆற்றங்கரையில் 1870களின் இறுதியிலேயே நடந்தது. ஏறக்குறைய 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் அது நன்றாக இரை தேடும். 20 டிகிரியைத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். கோடையில் ஏரியின் மேல்மட்ட நீர் சூடாகி, கனமான குளிர்நீர் அடியில் தங்கிவிடுவதால், டிரவுட்டும் ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்போது அதைத் தேடிப் பிடிக்க ஈயம் பொதிந்த கனத்த தூண்டில் நரம்போ, தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் தனிக் கருவியோ தேவைப்படும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனமாகிக் கீழிறங்க, காற்று அதைக் கலக்கிவிட, ஏரி முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடுகிறது. குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் அதிகம்; 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் இடத்தில், 5 டிகிரியில் 13 மில்லிகிராமை நெருங்கும். ஆகவே குளிர்காலத்தில் டிரவுட் மேற்பரப்புக்குக் கீழே ஓரிரு மீட்டர் ஆழத்திலேயே உலவ முடிகிறது. டெக்சஸ் போன்ற வெப்பம் மிகுந்த மாநிலங்களில் குளிர்கால மாதங்களில் மட்டும் இந்த மீனை ஏரி குளங்களில் விடுவதற்கும், அங்குள்ள பெரும்பாலான நீர்நிலைகளில் அது கோடையைத் தாண்டாது என்பதே காரணம்.

கயாக் இந்த மீன்பிடிக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதைக் கட்டுரை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம். மீன் குளிர் இரத்த உயிரி என்பதால், நீர் குளிரக் குளிர அதன் செரிமானமும் துரத்தும் வேகமும் குறையும். மணிக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோமீட்டர் வரையிலான மெதுவான வேகமே அப்போது ஏற்றது. பல மோட்டார் படகுகளால் அவ்வளவு மெதுவாகச் செல்ல இயலாது. துடுப்பிலோ அது இயல்பாகவே வருகிறது. ஒவ்வொரு துடுப்பு வீச்சிலும் செயற்கை இரை சற்றே முந்தி, அடுத்த வீச்சுக்குள் சற்றே தளர்ந்து தாழும். காயம்பட்ட சிறுமீனின் ஓட்டமும் அப்படித்தான் இருக்கும். கரண்டி வடிவ உலோக இரையான சிறிய ஸ்பூன், மெலிந்த மரமீன் போன்ற ரபாலா என்னும் செயற்கை இரை, ஈ வடிவத் தூண்டில் என எதைக் கட்டினாலும், மெல்லிய நரம்பில் 20 முதல் 30 மீட்டர் தூரம் பின்னால் விட்டால் போதும். நேர்கோட்டில் செல்லாமல் பாம்புபோல் வளைந்து வளைந்து செல்வது நல்லது. திரும்பும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகம் பிடித்து மேலெழும். உட்பக்கத் தூண்டில் தளர்ந்து தாழும். மீன் எந்தப் பக்கத் தூண்டிலைக் கடிக்கிறது என்பதைக் கவனித்தாலே, அன்றைக்கு அது விரும்பும் வேகமும் ஆழமும் தெரிந்துவிடும். விலையுயர்ந்த எந்தக் கருவியைவிடவும் இந்தக் கவனிப்பை நான் மேலாக மதிக்கிறேன்.

பண்ணையிலிருந்து புதிதாக வந்த மீன்கள், விடப்பட்ட துறையை விட்டுச் சில நாள்கள் வரை அதிகம் விலகுவதில்லை. அவை கூட்டமாகக் கரையோரத்தில், மேல்மட்ட நீரில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஏரியின் நடுவே செல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. கரைக்கு இணையாக, நீந்தியே கரையேறக்கூடிய தூரத்தில் செல்பவருக்குத்தான் மீனும் அதிகம் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்களிடம் இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும்.

இனி நான் இக்கடிதத்தை எழுதக் காரணமான செய்திக்கு வருகிறேன். அமைதியாகத் துடுப்புப் போடும்போது கயாக் எளிதில் கவிழ்வதில்லை. மீன் கடித்தவுடன்தான் நிலைமை மாறுகிறது. கை துடுப்பை விட்டுத் தூண்டில் கோலுக்குத் தாவுகிறது, உடல் திரும்புகிறது, மீன் பக்கவாட்டில் வந்து சுழல்கிறது, கைவலையோடு ஒருவர் விளிம்புக்கு வெளியே குனிகிறார். கோல் தாங்கியை இருக்கைக்குப் பின்னால் பொருத்தியிருந்தால், இடுப்பை முறுக்கிப் பின்னால் எட்ட வேண்டியும் வருகிறது. எனவே தாங்கி முன்னால், கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும் என்று கட்டுரையிலேயே சொல்லியிருக்க வேண்டும். நரம்பு ஆடுவதையும் அப்போதுதான் உடனுக்குடன் பார்க்க முடியும்.

அப்படியும் விழ நேர்ந்தால் என்ன ஆகும்? நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். குளிர்நீரில் மனித உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கனடா நாட்டு அறிஞர் கோர்டன் கீஸ்பிரெக்ட், அதை 1-10-1 என்ற எளிய கணக்கில் விளக்குகிறார். முதல் ஒரு நிமிடம், குளிர் அதிர்ச்சியால் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். அந்நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் நீரையே உள்ளிழுக்க நேரும். அடுத்த 10 நிமிடங்கள் வரை கைகால்கள் நாம் சொன்னபடி இயங்கும். பின் விரல்கள் கொக்கியைக்கூடப் பிடிக்க முடியாத அளவுக்கு வலுவிழக்கும். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். உறைநிலையை நெருங்கிய நீருக்கே இந்தக் கணக்கு என்றாலும், 10 டிகிரி நீரிலும் முதல் நிமிடத்தின் அதிர்ச்சி கடுமையானதே. நீந்தத் தெரிந்தவர் என்பதால் அந்த நிமிடத்தில் எவரும் தப்பிவிடுவதில்லை. குளிர்நீர்ச் சாவுகளில் பல, உடல் குளிர்ந்து போவதற்கு வெகு முன்னரே, இந்தத் திணறலாலும் வலுவிழப்பாலுமே நேர்கின்றன.

உயிர்காப்பு அங்கியைக் கயாக்கில் கட்டி வைப்பது போதாது என்பதற்குக் காரணம் இதுவே. அதை அணிந்திருந்தால்தான் அந்த முதல் நிமிடத்தில் வாயும் மூக்கும் நீருக்கு மேலே இருக்கும். உடையைக் காற்றின் வெப்பநிலை பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது; வெயில் காயும் இதமான குளிர்கால நண்பகலிலும் நீர் 7 டிகிரியில் இருக்கலாம். உள்ளே கம்பளி அணிந்து மேலே டிரைசூட் எனப்படும் நீர் புகாத முழு உடையை அணிவதே சிறந்தது. இயலாதவர் நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பராலான, உடலை ஒட்டிய தடித்த வெட்சூட் உடையையாவது அணிய வேண்டும். பருத்தி நனைந்தவுடன் வெப்பம் காக்கும் தன்மையை இழந்துவிடுகிறது. மார்புவரை வரும் ரப்பர் காலுடைக்குள் நீர் நிறைந்துவிட்டால், மீண்டும் கயாக்கில் ஏறுவது மிகக் கடினம். விசிலையும் நீர் புகாத உறையிலிட்ட கைபேசியையும் கயாக்கில் அல்லாமல் உடலோடு கட்டிக்கொள்ள வேண்டும். கயாக் நம்மைவிட்டு விலகினால் அவையும் அதனோடு போய்விடும். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி, பக்கவாட்டில் காலை உதைத்து வயிறு படும்படி மேலே ஏறும் பயிற்சியைக் கோடையிலேயே, கரையோரத்தில், மீன்பிடிக்கும்போது அணியும் அதே உடையோடு செய்து பார்க்க வேண்டும். விரல்களுக்கு வலு இருக்கும் அந்தப் பத்து நிமிடங்களில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள இயலாது.

மீனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருப்பு விடப்படும் டிரவுட் பெரும்பாலும் பிடித்து உண்பதற்காகவே விடப்படுகிறது. அந்தந்த நீர்நிலையின் வரம்புக்குள் அதை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் திரும்ப விடுவதாக இருந்தால், எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கியைப் பயன்படுத்தி, மீன் நீரில் இருக்கும்போதே கொக்கியைக் கழற்றிவிட வேண்டும். உறைநிலைக்குக் கீழான காற்றில் படம் எடுப்பதற்காகத் தூக்கிப் பிடித்தால், அதன் மெல்லிய செவுள்கள் உறைந்து சேதமடையக்கூடும். கயாக்கில் அமர்பவர் நீர்மட்டத்திலேயே இருப்பதால் இது எளிது. விளிம்புக்கு வெளியே குனிந்து மீனைத் தூக்க வேண்டிய ஆபத்தும் இதனால் குறைகிறது.

இத்தகைய கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெளியிடும்போது, அதில் பேசப்படும் ஏரியின் அன்றைய நீர் வெப்பநிலையையும், அந்த நீருக்கு ஏற்ற உடையையும் தலைப்புக்குக் கீழேயே அச்சிட்டால், படித்த உற்சாகத்தில் அடுத்த விடுமுறை நாளிலேயே புறப்படும் வாசகருக்குப் பெரிதும் உதவும். படங்களைத் தேர்ந்தெடுக்கும்போதும், உயிர்காப்பு அங்கி அணியாதவர்களின் படங்களைத் தவிர்க்குமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்