பொருள்: எங்கள் வீட்டுத் திருட்டு அலாரத்துக்கான, யாருக்கும் தெரியாத ரகசியச் சொல்லை மாற்றித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்துக்காக ஐந்து முறை போனிலும் ஒரு முறை நேரிலும் பேசிவிட்டேன். இனிமேல் பேசத் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் அம்மா வெளியே போய்விட்டு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த 30 நொடிக்குள் கீபேடில் எண்ணை அழுத்தி அலாரத்தை நிறுத்த வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அந்த 30 நொடி செருப்பைக் கழற்றவே சரியாக இருக்கும். சைரன் அலறியது. உங்கள் கண்காணிப்பு மையத்திலிருந்து போன் செய்து பாஸ்கோடு கேட்டார்கள். அம்மாவும் கீபேடில் அழுத்தும் நாலு இலக்க எண்ணைத் தெளிவாகச் சொன்னார். "நன்றிம்மா" என்று வைத்துவிட்டார்கள். பிரச்சினை முடிந்தது என்று காபி போடப் போனவர், சற்று நேரத்தில் வாசலில் போலீஸைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை.

கீபேட் எண் வேறு, போனில் சொல்ல வேண்டிய ரகசியச் சொல் வேறு என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள் செய்த ஏற்பாடுதானே. எங்களுக்கு யார் சொன்னது? ஆப்பில் எண்ணை மாற்றினால் மையத்தில் இருக்கும் சொல் மாறாது என்று ஆப்பில் ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? அந்தச் சொல்லை அலாரம் மாட்ட வந்த டெக்னீசியன் ஏதோ ஒன்றாகப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அதை மாற்ற வேண்டுமானால் பழைய சொல்லைச் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் ஓடிபி. அந்த ஓடிபி, நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பருக்குப் போகிறது. நம்பரை மாற்றச் சொன்னால் அதற்கும் பாஸ்கோடு வேண்டுமாம்!

மூன்றாவது அழைப்பில் பேசியவரை மட்டும் மறக்க முடியவில்லை. "உங்க வீட்டு பாஸ்கோடு உங்களுக்கே தெரியலைன்னா நீங்கதான் வீட்டுக்காரர்னு நான் எப்படி சார் நம்புறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கேட்டதில் தப்பில்லை, திருடனும் போன் செய்யலாம். எவன் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதற்குத்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு எதற்கு?

அவர் சொன்னார் என்று லீவு போட்டுவிட்டு அடையாள அட்டையோடு உங்கள் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் கவுண்டரில் இருந்தவர், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "பழைய சொல்லைச் சத்தமா சொல்லுங்க" என்றார். நல்லவேளை, எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கு ஊருக்கே தெரிந்திருக்கும். அப்புறம், "இங்கே விற்பனை மட்டும்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்.

சொல்ல மறந்துவிட்டேன், போலீஸ் வந்த அன்று நான் முதலில் கேட்டதே இதைத்தான். யாராவது மிரட்டும்போது சொன்னால் சத்தமில்லாமல் உதவி வரும் மிரட்டல் சொல் ஒன்று உண்டே, அது எங்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதா? அம்மா சொன்ன எண் வெறும் தப்பான சொல்லாக எடுத்துக்கொள்ளப்பட்டதா, மிரட்டல் சொல்லாகவா? போனில் இருந்தவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

பயந்துபோய் அம்மா இப்போது அலாரத்தைப் போடுவதே இல்லை. சுவரில் தொங்கும் ஒரு பொம்மைக்கு நான் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தயவுசெய்து ஒரு டெக்னீசியனை வீட்டுக்கு அனுப்பி, அடையாள அட்டையைச் சரிபார்த்து, எனக்கும் அம்மாவுக்கும் தனித்தனிச் சொல் பதிந்து கொடுங்கள். போன் நம்பரையும் மாற்றுங்கள். ஏழு நாளில் நடக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அழைப்புகளின் தேதி, நேரம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் என்னை அழைக்கலாம். அழைப்பவர் மட்டும் எடுத்த எடுப்பில் பாஸ்கோடு கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்