கொட்டகை விளக்குக்கு இன்வெர்ட்டர் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக் கூரையில் கிலோவாட் கணக்கில் பொருத்தும் சோலார் அமைப்புகளைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. மாட்டுக் கொட்டகைக்கும் மோட்டார் ரூமுக்கும் தோட்டத்துச் சாமான் அறைக்கும் அவ்வளவு தேவையில்லை. இரண்டு விளக்கும் ஒரு போன் சார்ஜரும் என்றால் 40 வாட் பேனல் ஒன்றே போதும். ஆனாலும் இப்படி வைத்த பல அமைப்புகள் சில மாதங்களிலேயே இருண்டுபோகின்றன. பழி பேனல் மேல் விழுகிறது. கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் இன்வெர்ட்டர், அதாவது பேட்டரியின் டிசி மின்சாரத்தை வீட்டில் வரும் ஏசி மின்சாரமாக மாற்றும் பெட்டி. எதையும் இணைக்காமல் சும்மா ஓடும்போதே சிறிய இன்வெர்ட்டர் 5 முதல் 10 வாட் வரை எடுக்கக்கூடும். நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் அதுவே 120 முதல் 240 வாட்-மணி. கொட்டகையின் உண்மையான தேவையைப் பாருங்கள்: 5 வாட் எல்இடி இரண்டு, 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி, போனுக்கு 15 சேர்த்தால் 65. அதாவது விளக்கைவிட இன்வெர்ட்டர்தான் அதிகம் செலவழிக்கிறது. 12 வோல்ட் டிசி பல்புகளையும், யுஎஸ்பி துளையுள்ள சார்ஜ் கன்ட்ரோலரையும் (பேனலிலிருந்து பேட்டரி சார்ஜாவதைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்கினால் இன்வெர்ட்டருக்கே வேலையில்லை.

40 வாட் பேனல் நல்ல வெயிலில், இழப்புகள் போக, நாளுக்குச் சுமார் 110 வாட்-மணி தரும். மேகமூட்டத்தில் அது கால் பங்காகவோ அதற்கும் கீழாகவோ விழும். அதனால் இரண்டு நாள் தேவையான 130 வாட்-மணியைப் பேட்டரி தாங்க வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலிசெய்யக் கூடாது என்பதால் 12 வோல்ட், 26 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 15 ஏஎச் போதும். கன்ட்ரோலரில் பேட்டரி வகையை மறக்காமல் மாற்றுங்கள். பழைய கார் பேட்டரி வேண்டாம். அது இன்ஜினைக் கிளப்பச் சில நொடிகள் பெரிய கரன்ட் தருவதற்கானது. தினமும் ஆழமாக இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும்.

பெரிதும் கவனிக்கப்படாத இடம் ஒயர். கன்ட்ரோலரைப் பேனல் பக்கம் மாட்டி, அங்கிருந்து 10 மீட்டர் தள்ளியுள்ள பேட்டரிக்கு 1 சதுர மி.மீ. ஒயர் இழுத்தால், 2.2 ஆம்பியர் ஓடும்போது போக வர முக்கால் வோல்ட் தொலைகிறது. கன்ட்ரோலர் 14.4 வோல்ட் பார்த்து “நிறைந்துவிட்டது” என்று கரன்டைக் குறைக்கும்; பேட்டரியிலோ 13.6தான் இருக்கும். நாள்தோறும் அரைகுறையாகச் சார்ஜாகும் லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, அதன் கொள்ளளவு சுருங்கும். கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள். நீள ஒயர் பேனல் பக்கம் இருக்கட்டும்; “12 வோல்ட்” பேனல் உண்மையில் 18 வோல்ட் அளவில் வேலை செய்வதால் அங்கே கொஞ்சம் இழக்க இடமுண்டு. இரண்டு பக்கமும் 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் நல்லது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஷார்ட் ஆனால் சிறு பேட்டரியும் ஒயரைப் பற்றவைக்கும். எலி கடிக்கும் கொட்டகையில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும்.

இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் விளக்கு. கழற்றும்போது தலைகீழ் வரிசை. விளக்குகளைக் கன்ட்ரோலரின் லோடு முனைகளிலிருந்தே எடுங்கள். நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்தால் வோல்டேஜ் குறையும்போது விளக்கைத் துண்டிக்க ஆளிருக்காது.

பேனலின் செல்கள் தொடராக இணைந்தவை. ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே உற்பத்தி பாதிக்குக் கீழே போகலாம். மழை அழுக்கைக் கழுவ 10 டிகிரியாவது சாய்வும், சூடு தணியக் கூரைக்கும் பேனலுக்கும் இடையே காற்றோட்டமும் வேண்டும்.

சோலார் செட் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேனலின் வாட்டைப் பெரிதாக அச்சிடும் அட்டைப்பெட்டியிலேயே பேட்டரியின் ஏஎச் அளவையும், இன்வெர்ட்டர் சும்மா ஓட எடுக்கும் வாட்டையும் போடுங்கள். வாங்குபவர் கணக்குப் போட இவை இரண்டும் இல்லாமல் முடியாது.

ஏற்கெனவே பொருத்தியவர்கள், வெயில் ஏறும் முன், விளக்குகள் அணைந்து சிறிது நேரமான பிறகு, லெட்-ஆசிட் பேட்டரியை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். தொடர்ந்து 12.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பேட்டரி பாதிக்கு மேல் காலியாகிறது. புதுப் பேனல் வாங்கும் முன் நிழல், அழுக்கு, ஒயர் இணைப்புகள், எரியும் நேரம் ஆகியவற்றை இந்த வரிசையில் சரிபாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்